சிம்புரா வளர்ப்பு முறை: ஓர் அனுபவ விளக்கம்

முதலில் சத்தியம் செய்துவிடுகிறேன். கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தச் சொல்லுங்கள், உள்ளங்கையால் அணைத்துக் காட்டுகிறேன். கை சுடுமே என்று பயப்படுகிற வயதைத் தாண்டி ரொம்ப நாளாகிறது.

மனித குலத்தின் வரலாற்றில் பெரிய திருப்பங்கள் மூன்று. ஒன்று, நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டு, அந்த நெருப்பைக் குச்சி முனையில் ஏற்றி எங்கள் பக்கத்தார் பெட்டிக்குள் அடைத்தது. மூன்று, இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆவணி மாதம், கயத்தாற்றுக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கிற எங்கள் கீழப்புழுதிப்பட்டிக்குச் சிம்புரா வந்து சேர்ந்தது.

சிம்புரா யார் என்று கேட்கிற பாமரர்களுக்காகச் சொல்கிறேன். அது ஆப்பிரிக்கக் காட்டுப் புதர். ஆள் உயரம் வளரும். இலை சிங்கத்தின் காது மாதிரி இருக்கும். பூ காலையில் மஞ்சள், மாலையில் சிவப்பு. இலையைத் தின்றால் சர்க்கரை நோய் இறங்கும். விதையைப் பிழிந்தால் லாரி ஓடும். பட்டையை அரைத்துப் பூசினால் வழுக்கையில் முடி முளைக்கும். வேரை என்ன செய்வது என்று மட்டும் விஞ்ஞானிகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஓய்வு பெற்ற தபால்காரன்தான். ஆனால் சிம்புரா வளர்ப்பில் 'முதுநிலைச் சான்றிதழ்' பெற்றவன். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

சிம்புராவைக் கொண்டுவந்தவர் பசுஞ்சிங்கம் அக்ரோ நிறுவனத்தின் மண்டல ஆலோசகர் லிங்கராஜ். ஜீப்பில் வந்து இறங்கினார். கழுத்தில் டை. ஆவணி வெயிலில் டை கட்டிக்கொண்டு வருகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று நாங்கள் உடனே தீர்மானித்தோம். ஒரு பொய்க்காக யாரும் அவ்வளவு கஷ்டப்பட மாட்டார்கள் அல்லவா?

விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் கூட்டம். தலைமை, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் சங்கத் தலைவருமான பூவனநாதன். எதிர் வரிசையில், சங்கத் தேர்தலில் அவரிடம் தோற்றுப்போன அழகிரிசாமி. தோற்றதிலிருந்து அவர் எந்தக் கூட்டத்துக்கும் தவறியதே இல்லை.

“தண்ணி எம்புட்டு விடணும்?” என்று ஆரம்பித்தார் அழகிரிசாமி.

“தேவையில்லை.”

“உரம்?”

“கூடாது.”

“களை எடுக்கணுமா, மருந்து அடிக்கணுமா?”

“தொடவே கூடாது. காட்டுச் செடி. மனுஷன் கை பட்டாலே அதுக்குப் பிடிக்காது.”

“அப்பம் நாங்க என்னதான் செய்யணும்?”

“நிலத்தைக் கொடுக்கணும்” என்றார் லிங்கராஜ். எவ்வளவு எளிமையான விவசாயம் பாருங்கள்.

மாதிரித் தோட்டத்துக்கு நிலம் தேடினோம். சிம்புராவுக்கு மண் முக்கியமில்லை, பஸ்தான் முக்கியம் என்று ஆலோசகர் விளக்கினார். அதாவது பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் போர்டு பட வேண்டும். ரோட்டை ஒட்டி இருந்தது வேலுத்தாயின் மூன்று ஏக்கர். புருஷன் இல்லாதவள். புரட்டாசியில் அதில் உளுந்து விதைப்பாள், தையில் எடுப்பாள். மற்ற மாதங்களில் பூவனநாதனின் ஆபீஸில் பெட்டி ஒட்டுவாள்.

பூவனநாதன் அவளைக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

“ஒரு கையெழுத்துதான் வேலுத்தாயி.”

“புரட்டாசி வருதே அண்ணாச்சி. உளுந்து போடணும்லா?”

“உளுந்து எங்க ஓடியா போவுது? செடி நட்ட நாள்லருந்து அஞ்சு வருசத்துக்கு வேற எதையும் வெதைக்கக் கூடாது, அம்புட்டுதான். அதுக்குப் பொறவு போட்டுக்கோ.”

“அஞ்சு வருசம் வயிறு காத்துக் கெடக்குமா அண்ணாச்சி?”

“ஏன், ஆபீஸ்ல வேலை இருக்குல்லா?” என்று கேட்டுவிட்டு, “இருக்குல்லா?” என்று இன்னொரு தரமும் கேட்டார். இரண்டாவது தடவை கேட்டபோது சிரித்துக்கொண்டே கேட்டார்.

வேலுத்தாய் கையெழுத்துப் போட்டாள். இதைத்தான் 'மக்கள் பங்கேற்பு' என்று சொல்கிறார்கள்.

இனி வளர்ப்பு முறை. கம்பெனி கொடுத்த வழிகாட்டிப் புத்தகத்தை நான்தான் சபையில் வாசித்தேன். அதன் சாரம் இதுதான்: சிம்புரா விதைக்கு ஓடு கெட்டி. ஏதாவது ஒரு காட்டு விலங்கின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தால்தான் முளைக்கும்.

சபை ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கியது.

“கோயில் யானைக்குக் குடுத்தா என்னவே?” என்றார் ஒருவர்.

“அது காட்டு விலங்கா? அது தேவஸ்தான ஊழியர்.”

“வல்லநாட்டு மலையில மான் கெடக்கே.”

“மானுக்கு வெதை ஊட்டப் போயி ஜெயில்ல உக்காரவா?”

கடைசியில், சங்கிலிப்பாண்டியின் வெள்ளாடுகளை ஒரு வாரத்துக்குக் காட்டு விலங்குகளாகக் கருதுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சங்கிலிப்பாண்டி ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஆட்டுக்கு மட்டும் பதவி குடுத்தா எப்படி அண்ணாச்சி? என்னையும் சேத்து ஒரு போஸ்ட்டு போட்டுக் குடுங்க.”

நியாயமான கோரிக்கை. 'விதை நேர்த்தி அலுவலர் (வயிற்று வழி)' என்று நியமன ஆணை கொடுத்தோம். அன்றிலிருந்து அவன் சட்டை போடாமல் ஆடு மேய்த்ததில்லை.

மறுநாள் காலை, லிங்கராஜ் கொண்டுவந்த விதைகளைத் தவிட்டில் பிசைந்து ஆடுகளுக்கு ஊட்டினோம். நன்றாக மென்று தின்றன. நொறுங்குகிற சத்தம் எங்கள் காதுக்குச் சங்கீதமாக இருந்தது. பிறகு ஆடுகள் வழக்கம்போலக் கண்மாய்க்குள் போய் வேலிக்கருவை என்கிற சீமைக் கருவேல நெற்றுகளைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டன. அது இங்கே சம்பந்தமில்லாத விஷயம்.

அன்று மாலை சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் 'கிடை' என்று ஒரு வழக்கம் உண்டு. விதைப்புக்கு முன்னால், ஆட்டு மந்தையை ஒருவர் நிலத்தில் இரவு முழுக்க அடைத்துப் போடுவார்கள். புழுக்கை நிலத்துக்கு உரம். யார் நிலத்தில் கிடை கிடக்கிறதோ, புழுக்கை அவருக்குச் சொந்தம். யாருக்கு எந்த இரவு என்பது சித்திரையிலேயே பேசி முடிவாகிவிடும். முறை மாற்றிக் கேட்கிற துணிச்சல் கலெக்டருக்கும் வராது. அன்றைய முறை அழகிரிசாமிக்கு.

ஆக, கம்பெனியின் விலைமதிப்பற்ற ஆப்பிரிக்க விதைகள் அத்தனையும் எதிர்க்கட்சித் தலைவரின் நிலத்தில் போய் விழுந்தன.

விடிந்ததும் அங்கேயே பஞ்சாயத்து கூடியது.

“புழுக்கைய அள்ளு!” என்றார் பூவனநாதன்.

“ஒண்ணத் தொட்டுப் பாருங்க!” என்று குறுக்கே நின்றார் அழகிரிசாமி. “கெடை என் நெலத்துல கெடந்துருக்கு. புழுக்கை என்னுது.”

“உள்ளே இருக்கிற விதை கம்பெனிச் சொத்து சார்” என்றார் லிங்கராஜ்.

“நான் இல்லைங்கலியே. வெதைய எடுத்துக்கிடுங்க. புழுக்கைய இங்கனயே வச்சிட்டுப் போங்க.”

“எப்படிப் பிரிக்கிறது?”

“அது ஒங்க கம்பெனித் தொழில்நுட்பம். என்கிட்ட கேட்டா?”

தீர்ப்பு அப்படியே ஆயிற்று. சங்கத் தலைவர், துணைத் தலைவர், மண்டல ஆலோசகர், நான் எல்லோரும் வெயில் ஏறுகிற வரை குத்தவைத்து, புழுக்கைகளை ஒவ்வொன்றாக நசுக்கி விதை பொறுக்கினோம். சங்கத்தின் ஆண்டறிக்கையில் இது 'பதப்படுத்தும் கட்டம்' என்று பதிவாகியிருக்கிறது. லிங்கராஜ் டையைக் கழற்றி மூக்கில் கட்டிக்கொண்டார். அது எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

நாங்கள் ஊட்டியதைவிட நிறையவே விதை கிடைத்தது.

“ஆப்பிரிக்க விதை, உள்ளே போனா பெருகும்” என்றார் ஆலோசகர்.

சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நாற்றங்கால் போட்டோம். தண்ணீர் கூடாது, தொடக் கூடாது என்று புத்தகம் சொன்னது வாஸ்தவம். ஆனாலும் கண்டம் விட்டுக் கண்டம் வந்த விருந்தாளியைக் காயப்போட எங்களுக்கு மனசு வருமா? அடி பம்பில் பெண்கள் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, சிம்புராவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஓலைப்பந்தல் வேய்ந்தோம். திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டினோம். முளைத்தது.

ஆபீஸ் விட்டு வருகிற வழியில் வேலுத்தாய் குனிந்து பார்த்தாள்.

“ஏ, இது வேலிக்கருவைல்லா?”

“வாய அலம்பு. இது சிம்புரா” என்றார் பூவனநாதன்.

“இந்த எலை தெரியாதாக்கும் எனக்கு? வெறகுக்கு இத வெட்டி வெட்டி முள்ளு ஏறின காலு அண்ணாச்சி.”

“சின்னதுல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் அம்மா. வளர வளரத்தான் வித்தியாசம் தெரியும்” என்றார் லிங்கராஜ்.

“வளந்த பொறவு எவன் புடுங்குவான்? ஒங்க டையக் கட்டி இழுக்கவா?”

அவள் கண்டுபிடித்துச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். கரிசலில் பிறந்த கைக்குழந்தைக்கும் வேலிக்கருவை தெரியும். அதுவும் ஒரு காலத்தில், வறட்சியைப் போக்க வந்த வரம் என்று மேளதாளத்தோடு இறக்கப்பட்ட விருந்தாளிதான். கண்மாயைத் தின்றது, ஓடையைத் தின்றது, புறப்படுகிற யோசனை இன்னும் அதற்கு வரவில்லை. நிலத்துக்குள் விட்டால் வேர் போகிற ஆழத்துக்கு ஏர் போகாது. ஆனால் என்ன செய்வது? தீர்மானம் நிறைவேறிவிட்டது. தெரிந்த விஷயத்துக்காக நிறைவேறிய தீர்மானத்தை மாற்றுவது சங்க விதிகளில் இல்லை.

வேலுத்தாய் பூவனநாதன் காலில் விழாத குறையாகச் சொன்னாள். “அண்ணாச்சி, மூணு ஏக்கரும் முள்ளாப் போயிரும். அதுக்குப் பொறவு அஞ்சு வருசம் என்ன, அம்பது வருசம் ஆனாலும் அதுல உளுந்து மொளைக்காது.”

“வெள்ளிக்கெழம நடவு விழா. நல்ல சேலையாக் கட்டிட்டு வா. போட்டோக்காரர் வாராரு” என்றார் பூவனநாதன்.

வியாழக்கிழமை நாங்கள் அனைவரும் பேனர் அடிக்கக் கோவில்பட்டிக்குப் போயிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டு மேளத்தோடு ஊர்வலமாகப் போனோம். தட்டுவண்டி நிறைய வேலிக்கருவைக் கன்றுகள். மன்னிக்கவும், சிம்புராக் கன்றுகள். நிலத்தை நெருங்கியதும் முன்னால் போனவர்கள் சடக்கென்று நின்றார்கள். மேளம் நின்றது. வரப்பில் வேலுத்தாய், மடியில் காலி ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று ஏக்கரும் புதுசாக உழுது, பரம்படித்துக் கிடந்தது. மழைக்கு முந்திய புழுதி விதைப்பு. முதல் நாளே அழகிரிசாமியின் ஏர்கள் வந்து உழுது விதைத்துவிட்டுப் போயிருந்தன. அவர் ஏர் கொடுத்தது அவள் மேல் வைத்த நல்ல எண்ணத்தால் அல்ல, பூவனநாதன் மேல் வைத்திருந்த கெட்ட எண்ணத்தால். ஊரில் பாதி நல்ல காரியம் அப்படித்தான் நடக்கிறது.

“ஏன் நின்னுட்டீங்க? இறங்குங்க” என்றார் லிங்கராஜ்.

ஒருத்தரும் அசையவில்லை.

“வெதைச்ச நெலம் சார்” என்றேன்.

“அதனால என்ன?”

கரிசலில் விதை போட்டு மழைக்குக் காத்திருக்கிற நிலத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். மிதி பட்ட இடத்தில் முளைக்காது என்பார்கள். வரப்புத் தகராறில் மண்டை உடைத்துக்கொண்டவனும், சண்டை ஓய்ந்ததும் விதைத்த நிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். மாடு இறங்கினால் ஊரே ஓடி வரும்.

வேலுத்தாய் எழுந்தாள்.

“நட்ட நாள்லருந்துதான வேற வெதைக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்குனீய? இன்னும் நடலியே. நடணும்னா நடுங்க அண்ணாச்சி. என்ன ஆபீஸ விட்டு நிப்பாட்டுனாலும் நிப்பாட்டுங்க. ஆனா மொத அடிய நீங்க வையுங்க.”

பூவனநாதன் சாதாரண மனிதர் அல்ல. பெட்டி ஒட்டுகிறவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்தால் கூலியில் பிடிக்கிற நெஞ்சுரம் உள்ளவர். செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கினார். அந்தக் கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

“காலு வர மாட்டேங்குது” என்றார் மெதுவாக. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

“நான் இறங்குறேன்” என்று லிங்கராஜ் பூட்ஸைத் தூக்கினார். சங்கிலிப்பாண்டி பாய்ந்து அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“சார், கால வச்சீயன்னா அலுவலர் பதவிய இப்பமே ராசினாமா பண்ணிருவேன்!”

அவ்வளவு பெரிய நிர்வாக நெருக்கடியைக் கம்பெனி விரும்பவில்லை. 'நடவு விழா, கரையில் நின்றபடி இனிதே நிறைவேறியது' என்று நான் குறிப்பு எழுதினேன். கன்றுகளைக் கண்மாயில் கொண்டுபோய்த் தட்டினோம். சொந்தக்காரர்களோடு சேர்ந்துகொண்டன.

ஐப்பசியில் மழை இறங்கியது. வேலுத்தாயின் மூன்று ஏக்கரும் உளுந்தாகப் பச்சை கட்டியது. அதற்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்றது, கையெழுத்து வாங்கிய அன்றே ஊன்றிய போர்டு: 'சிம்புரா மாதிரித் தோட்டம்'.

மார்கழியில் தகவல் வந்தது. கம்பெனியின் மேலிடம் தோட்டத்தைப் பார்வையிட வருகிறது. கூடவே ஓர் 'ஆப்பிரிக்க நிபுணர்'. பூவனநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. லிங்கராஜ் கலங்கவில்லை. “போர்டு இருக்குல்ல? அது போதும்” என்றார்.

நிபுணர் வந்தார். இருபது வயசு இருக்கும். பெயர் டேனியல் ஒட்டியெனோ, கென்யா நாட்டுப் பையன். பக்கத்து மாவட்டத்து இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். அவன் நிலத்துக்குள் இறங்கி, ஒரு பச்சை நெற்றைப் பறித்து உரித்து வாயில் போட்டான். முகம் மாறிவிட்டது. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். எனக்குத் தெரிந்தது தந்தி ஆங்கிலம்தான், ஆனாலும் அது புரிந்தது. 'எங்கள் கிராமத்தில் அம்மா இது மாதிரிப் பயறு போடுவாள். அவள் கையால் சாப்பிட்டு இரண்டு வருஷமாகிறது.'

லிங்கராஜ் மைக்கைப் பிடித்தார். “தாய் மண்ணில் பார்த்தது போலவே இருக்கிறது என்று நிபுணர் கண் கலங்குகிறார்!”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நான் பையனைத் தனியே இழுத்து, தந்தி பாஷையிலேயே விசாரித்தேன். “சிம்புரா? உன் ஊர்? உண்டா?”

அவன் யோசித்துவிட்டு, “அது என்ன, கம்ப்யூட்டர் கம்பெனியா?” என்று கேட்டான்.

வேலுத்தாயை உளுந்துக்கு நடுவே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். “சிரிங்கம்மா” என்றார் போட்டோக்காரர்.

“இதுல நான் என்னத்த வெதைக்கலாம்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க. பொறவு சிரிக்கேன்.”

மேலிடம் அங்கேயே அறிவித்தது: இந்த நிலத்தில் இப்போது நிற்பதே சிம்புரா. அடுத்த ஐந்து வருஷமும் இதையே விதைக்க வேண்டும், வேறெதையும் விதைக்கக் கூடாது.

வேலுத்தாய் சிரித்தாள். படம் பிரமாதமாக விழுந்தது.

அந்தத் தையில் அவள் வீட்டில் சிம்புரா இட்லி, சிம்புரா வடை, சிம்புராக் களி. எங்களுக்குச் சான்றிதழ். எங்கள் வெற்றியைப் பார்த்துப் பக்கத்து ஊர்களெல்லாம் வரிசையில் நின்று நிலம் எழுதிக் கொடுத்தன. அங்கே நடவு விழாவுக்குக் கம்பெனி டிராக்டரோடு போனது. முந்திக்கொண்டு விதைத்தவர்கள் அங்கே யாரும் இல்லை. அந்த நிலங்களில் இப்போது நிற்பது என்ன என்று கேட்காதீர்கள். முள்ளுக்குள் போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டு வருஷம் கழித்து டேனியல் எங்கள் ஊருக்கு மறுபடி வந்தான். லீவுக்கு நாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தான். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கற்ற தமிழில் பேசினான். வேலுத்தாய் களி கிண்டி வைத்தாள். அவன் தொடவில்லை.

“அக்கா, எங்க ஊர்லயும் கம்பெனி வந்தாச்சு. பெரிய போர்டு. போர்டுல உங்க போட்டோ.”

“என் போட்டோவா? எதுக்குலே?”

“இந்தியா காட்டுச் செடி. தண்ணி வேணாம், உரம் வேணாம். அப்படிப் போட்டிருக்கு. அம்மா நிலம் அஞ்சு வருஷம். கையெழுத்து போட்டாச்சு.”

வேலுத்தாய் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

“ஒங்கம்மா வெதைச்சாச்சா?”

“இல்ல. கம்பெனி சொல்ற நாளுக்குக் காத்திருக்காங்க.”

“காத்திருக்க வேண்டாம்னு சொல்லு. இன்னைக்கே போன் போடு. அவிய வாரதுக்கு முந்தியே பயற வெதைச்சிரச் சொல்லு.” பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். “ஏலே, ஒங்க ஊருலயும் வெதைச்ச நெலத்த மிதிக்க மாட்டாவல்லா?”

“எங்க ஆளுங்க மிதிக்க மாட்டாங்க” என்றான். “ஆனா இறங்குறது டிராக்டர்.”

சத்தியம் செய்து ஆரம்பித்தவன் என்ற முறையில், சிம்புரா வளர்ப்பு பற்றி விடுபட்டுப்போன ஒரே ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடியை எங்கள் ஊரிலோ அவன் ஊரிலோ இன்றுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.